மாமனாருக்கு இரண்டாவது திதி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுயென் போன் செய்தாள். அடுத்த சனிக்கிழமை நகைச்சுவை நாடகத்துக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். "நாம சேர்ந்து சிரிச்சு எவ்ளோ நாளாச்சுடி" என்றாள். அம்மாவின் ஆபரேஷனுக்காகப் போன மாதம் முழுக்கத் தன் ஊரான கான் தோவில் கிடந்தவள். அக்டோபரில் மகள் தாவோவுக்கு நிச்சயம் வேறு. சிரிக்கட்டும். பிரசவ வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி. அன்றிலிருந்து அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. என் வீட்டுக்காரர் தோவான் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கிவிட்டார். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நாடகம் நன்றாக இருந்தது என்று எழுத நினைத்திருந்தேன். எங்கே எழுத.

கதை இதுதான். ஒருத்தன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இன்னொருத்தியோடு சுற்றுகிறான். அவன் சிநேகிதன் "என்கூடத்தான் இருந்தான்" என்று எல்லாரிடமும் சத்தியம் செய்கிறான். சிநேகிதனின் பெண்டாட்டி அப்பாவி. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பழம் நறுக்கிக் கொடுக்கிறாள். திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவளின் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. சுயெனும் அப்படித்தான். அவள் கணவர் கியெமும் தோவானும் மட்டும் வரி ஆபீசில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்து தெருவோரம் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

"அந்த ஃபிரெண்டைத்தான் முதல்ல செருப்பால அடிக்கணும்" என்றாள் சுயென். தோவான் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆமா, செவ்வாய்க்கிழமை உங்க மாமனார் திதிக்கு இவரை மட்டும் கூப்பிட்டிருக்கே. என்னை மறந்துட்டியா?"

"திதியா? அது போன மாசமே முடிஞ்சிருச்சேடி, நீ ஊர்ல இருந்தப்போ. இந்த வருஷம் சந்திரக் காலண்டர்ல ஆறாம் மாசம் ரெண்டு தடவை வருதுல்ல? முதல் மாசமே குடுத்துட்டோம். அதிக மாசத்துல யாரு திதி குடுப்பா?"

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். மேசையில் யாருமே மெல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தோவானைப் பிடித்தேன். "கியெம் எதாவது சாக்கு சொல்லுடான்னு கேட்டான். காலண்டர்ல ஆறாம் மாசம் பன்னெண்டுன்னு இருந்துச்சு. அப்பா திதின்னு சொல்லிக்கோன்னேன். அதிக மாசம்ங்கிறது தோணவே இல்ல."

சொந்த அப்பாவின் திதி! போன மாதம் இவர்தானே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார்? செத்துப்போன மனுஷனைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்திருக்கிறார்.

"ஃபிரெண்டுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க ஃபிரெண்டுக்கு நீங்க இருக்கீங்க. என் ஃபிரெண்டுக்கு யாருங்க?"

அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 12

சுயென் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13

இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுயென் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாங்க போட்ட சண்டையை தாவோ கேட்டுட்டா. கல்யாணமே வேணாம், எல்லா ஆம்பளையும் அப்பா மாதிரிதான்னு உக்காந்திருக்கா. உங்க வீட்ல ரெண்டு மாசமும் திதி குடுத்தீங்கன்னு அவகிட்ட சொல்லிடுடி. அவ கல்யாணம் முடியட்டும், அந்தாளை நான் பாத்துக்கறேன்."

"செருப்பால அடிக்கணும்னு சொன்னியேடி?"

"அது நாடகம்."

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. கியெம் மேலா, இவள் மேலா, தெரியவில்லை. முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். பைக்கில் ஏறியவள் ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

தாவோ வந்தாள். உட்காரக்கூட இல்லை. "சித்தி, நீங்க எங்கிட்ட பொய் சொல்ல மாட்டீங்க. அன்னிக்கு திதி நடந்துச்சா?"

"நடந்துச்சு கண்ணு. உங்கப்பா ரெண்டு கிண்ணம் பாகற்காய் சூப் குடிச்சார். நூடுல்ஸ் கடையில உங்கம்மாவை வம்பிழுக்கத்தான் அப்படிச் சொன்னேன். இப்படி ஆகும்னு நினைக்கல."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் போன பிறகு தோவான் அடுப்படியிலிருந்து வந்தார். "என்னைவிட நல்லா சொல்றே" என்றார். பாராட்டாம்! என் கையில் எதுவும் இல்லாததால் தப்பித்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு மாதமாக சுயெனிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. இன்று சந்தையில் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்த கீரையை அப்படியே வைத்துவிட்டு மீன் பக்கம் போய்விட்டாள்.

என்னடி செஞ்சேன் உனக்கு? நீ கேட்டதைத்தானே செஞ்சேன்? உண்மையைச் சொன்னதும் நான், பொய்யைச் சொன்னதும் நான். இதில் எதை அவளால் தாங்க முடியவில்லை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 4, சனி

நாளை தாவோவுக்கு நிச்சயம். அழைப்பிதழ் போன வாரமே வந்தது. உறையில் தோவான் பெயர் மட்டும். பெயருக்குப் பக்கத்தில் "மனைவியுடன்" என்று எழுதாத அழைப்பிதழை நான் இதுவரை பார்த்ததில்லை. "அச்சுக்கடையில விட்டுப்போயிருக்கும்" என்றார் தோவான். அச்சு இல்லை, சுயெனின் கையெழுத்து.

நிச்சயத்தன்று தாவோவுக்கு நான்தான் தலை வாரிவிடுவேன் என்று அவளுக்குப் பல் முளைக்காத வயதிலேயே நானும் சுயெனும் பேசி வைத்தது.

"நானும் போகல" என்றார் தோவான். போய்த்தான் ஆகவேண்டும் என்றேன். இரண்டு பேருமே வராவிட்டால் அந்தப் பெண் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன்.