கூடிய எலும்பும் முற்றாத கையும்

நிலம் விளைக. நீர் நிறைக. செவ்வரை நாடு பிணியின்றி வாழ்க.

செவ்வரைக் கோமான் அடலரசர், புனல்வாயில் அரண்மனையில் அவர்தம் அரியணையைக் காத்து வீற்றிருக்கும் பட்டத்தரசி நல்லினியாருக்கு முகில்மலை மாளிகையிலிருந்து விடுக்கும் ஓலை. அரசியாரும் அவையோரும் நலமே விளங்குவாராக. அரசரின் இடக்கை ஏட்டைத் தாங்காது ஆகையால், மருத்துவச்சி கொற்றி ஏட்டைப் பிடித்திருக்க, அரசரே எழுதுகிறார். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க.

வரும் முழுநிலா நாளில் அரசர் குலவில்லை வளைப்பார் என்று நகரில் முரசறைந்த செய்தி இங்கு எட்டியது. அதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். அரசர் குதிரையிலிருந்து விழுந்து கை முறிந்த இருபத்தோராம் நாளில், 'எலும்பு கூடியது' என்று கொற்றி எழுதி அனுப்பினாள். அவை அதைக் குணம் என்று படித்தது. எலும்பு கட்டுவோர் வழக்கிலோ, முறிந்த முனைகள் ஒன்றையொன்று பற்றின என்பதே அதன் பொருள். பாரம் தாங்கும் நாளுக்கு 'முற்றியது' என்று வேறு சொல் உண்டு.

அரசரும் ஏமாந்தவரே. நாற்பதாம் நாள் கட்டவிழ்த்தபோது முறிந்த இடம் பழைய எலும்பினும் பருத்து, வலியின்றி, அசையாது நின்றது. உடனே வில்லைக் கொணரச் சொன்னார். கொற்றி வில்லுக்குப் பதிலாக ஆட்டுக்கால் எலும்பு ஒன்றைக் கொணர்ந்தாள். மலைச்சரிவில் விழுந்து காலொடிந்த ஆட்டுக்கு அவளே கட்டுப்போட்டு, நாற்பதாம் நாள் சமையலுக்கு அறுத்தது அது. இருபது நாள் எலும்பு பச்சைக் குச்சிபோல் வளைந்து மீளும் என்றும், இது வளையாது என்றும் சொல்லி, அதில் கற்களைத் தொங்கவிட்டாள். சொன்னபடி வளையவில்லை. அரசர் முகம் மலர்ந்தது. முறியாத கால் தாங்கும் கற்களில் பாதி ஏறுமுன் அது படீரென்று தெறித்தது.

"ஆட்டுக்கால் ஒடிஞ்சா சாறாவது வைக்கலாம், ராசா. உங்க கை ஒடிஞ்சா எதுக்கு ஆகும்?" என்றாள் கொற்றி.

விறைப்பு முதலில் வரும், வலிமை பிறகே வரும் என்றும், பிஞ்சு எலும்பு தன் இளமையை ஈடுகட்டவே பருக்கிறது என்றும், உள்ளே இறுகிப் புறத்தே மெலியும் நாளே முற்றிய நாள் என்றும் அவள் விளக்கினாள். அதற்கு இன்னும் இரண்டு திங்கள் செல்லும்.

முரசறைந்த நாளில் வில்லை வளைக்காத அரசர் அரியணை இழப்பார் என்பது சட்டம். எப்படியும் வளைத்துப் பார்க்கலாம் என்று அரசர் இரண்டு நாள் எண்ணினார். ஊனமுற்ற அரசரை மருத்துவரைத் தவிர உறவினர் உட்பட எவரும் காணலாகாது என்னும் வழக்கால், இங்கே உணவுத் தட்டு வாசலில் வைக்கப்படுகிறது. வைப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அரசர் தனியே சொக்கட்டான் ஆடுகிறார். இரு பக்கத்துக் காய்களையும் வலக்கையே நகர்த்துகிறது. யார் வென்றாலும் சொல்ல ஆளில்லை. இத்தனை தனிமையிலும் அந்த எலும்பு தெறித்த ஓசை அவர் காதைவிட்டு அகலவில்லை.

ஆதலால் ஆணையாவது: 'கூடியது, முற்றவில்லை' என்று மீண்டும் முரசறைக. முழுநிலா நாளில் அரசரின் தம்பி கதிர்வேள் அரியணை ஏறுக. இனி மருத்துவ ஓலைகளை எலும்பு கட்டுவோர் ஒருவரை உடன் வைத்தே அவை படிக்க. இது அடலரசர் சொல். மலைமுடி முத்திரை இட்டோம்.

முத்திரைக்குக் கீழே எழுதுவது ஆணையாகாது என்பதை அரசியார் அறிவீர். அரியணை நீங்கியவரைக் காண எந்த வழக்கும் தடையில்லை. முழுநிலாவுக்கு மறுநாள் மலைப்பாதை ஈரமின்றி இருக்கும். வர மனமிருந்தால், வாரும்.