கடை மூடிய பிறகு அப்பாவைத் தேடுவது

அம்மா,

இன்று மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டும் தண்ணீரில் அப்பாவின் சட்டையை நனைத்தபோது அழுகிய அன்னாசியின் நெடி வந்தது. நீ துவைத்த காலத்தில் அதில் சாராய வாடைதான் இருக்கும். இது காட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சும் கசிப்பு.

ரோட்டோரச் சாராயக் கடையை மூடும்படி அரசாங்கத்தைக் கேட்க, கோயில் முன்னால் கூட்டம் போட்டார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. "மூடணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் தோட்டத் தலைவர். லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். அப்பாவிடம் அதிகம் அடிவாங்கிய நீ மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாய். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அத்தை, "புருசனுக்கு ஊத்திக் குடுக்கிறதே இவதான் போல" என்றாள். சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "கடை இருந்தா ஒங்கப்பா எங்க கெடப்பாருன்னு தெரியும். போய்த் தூக்கிட்டு வந்துருவேன். காட்டுல எங்கன்னு தேடுவேன்?" என்றாய். எனக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது.

கடையை மூடினார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். நீ சொன்னபடியே அப்பா காட்டுக்குப் போகிறார். ஆனால் செல்லம்மா அத்தையின் புருஷன் குடியை விட்டுவிட்டார். "அவ்வளவு தூரம் நடக்க அந்தச் சோம்பேறியால முடியுமா" என்று அத்தை சிரிக்கிறாள். அந்த வீட்டில் இப்போது பிள்ளைகள் அலறுவதில்லை.

போன மாதம் மறுபடி கூட்டம். கசிப்புக் குடித்து மேல் லயத்தில் ஒருவர் செத்துப்போனதால், கடையைத் திறக்கச் சொல்லலாமா என்று கேட்டார்கள். நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். திறக்கட்டும் என்று கை பாதி எழுந்துவிட்டது. அத்தை என்னைத் திட்டவில்லை.

"தூக்கும்மா. ஒனக்கு ஒங்கப்பா, எனக்கு எம்புள்ளைங்க" என்றாள்.

கையை இறக்கிவிட்டேன். அதிகம் கைகள் எழவில்லை; கடை மூடியே கிடக்கிறது.

அன்று பின்னேரம் மழை பிடித்தும் அப்பா வரவில்லை. நான் காட்டுப்பக்கம் கிளம்பியதைப் பார்த்து அத்தை தன் புருஷனை என்கூட அனுப்பினாள். ஓடைக்கரைப் புல்லுக்குள் கிடந்த அப்பாவை மாமாதான் முதுகில் சுமந்து வந்தார். "கடை இருந்தா நானும் இவரு பக்கத்துலதாம்மா கெடப்பேன். அப்ப யாரு யாரத் தூக்குறது?" என்றார்.

இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய் அம்மா? நீ சொன்னதும் சரியாக இருக்கிறது, மாமா சொன்னதும் சரியாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை.

இன்றும் அப்பா வரவில்லை. மாமா மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். எங்கே தேடத் தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிளம்புகிறோம்.