கரிக்கலாம்பாக்கத்தின் முதல் எழுத்து

மச்சான் அருளு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. காலேஜ் ஹாம் ரேடியோ ரூமில் உன் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். "அருள் இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்" என்று ரூமைப் பார்த்துக்கொள்ளும் மேடம் என் எதிரிலேயே சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த ஆம்ப்ளிஃபயர்தானே அது? கையைச் சுட்டுக்கொள்கிறவன் நான், பாராட்டு படத்துக்கு. எனக்கு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

புயலில் கரண்டும் செல்போன் டவரும் போனால், ஒரே பேட்டரியில் இரண்டு நாள் பேச வேண்டும். அதுதான் நம் கணக்கு. பழைய ஆம்ப்ளிஃபயரோ, கத்தினாலும் முணுமுணுத்தாலும் முழு வோல்டேஜில்தான் நிற்கும். பேட்டரியில் பாதி சூடாகவே போய்விடும். "பேச்சு ஏறும்போது சப்ளையும் ஏறட்டும், இறங்கும்போது இறங்கட்டும்டா" என்றாய், டீ குடித்துக்கொண்டே. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எனக்குத்தானே உன்னைவிட மார்க் அதிகம்?

அப்படி ஒரு சப்ளையை நானே கட்டினேன். சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்கில் உள்ளங்கையை வைத்தேன், சுடவில்லை. வயர்லெஸ்ஸின் மறுமுனையில் பூரணாங்குப்பம் சேகர் அண்ணன். டெஸ்ட்டுக்கு வழக்கம்போல "கரிக்கலாம்பாக்கம்" என்று உன் ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"இன்னாபா தினேசு, ஊரு தலைய வெட்டிட்ட? ரிக்கலாம்பாக்கம்னு வருது!"

நான் பேச ஆரம்பித்து, வோல்டேஜ் ஏறி வருவதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. சில மில்லிசெகண்ட் தாமதம், அவ்வளவுதான். சப்ளையை விரட்டினேன். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று மூன்று டிரான்சிஸ்டரை வெடிக்க வைத்தேன். ஊருக்குத் தலை வரவில்லை.

உன் நோட்டு என்னிடம்தான் இருந்தது. காரியத்தன்று உங்க அம்மா கொடுத்தார். "நீயே வச்சிக்கபா, இதுல இன்னா இருக்குதுன்னு எனக்கின்னா தெரியும்." பரண் மேல் போட்டேன். பிரித்தால் ஜெயித்தவன் நீயாகிவிடுவாய். அதனால் பிரிக்கவில்லை.

அடுத்த வாரம் புயல் ஒத்திகை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் என் பேரை மட்டும் போட்டு லேபிளும் ஒட்டியாகிவிட்டது. வேலை மட்டும் முடியவில்லை. போன ஞாயிறு வேறு வழியில்லாமல் நோட்டை இறக்கினேன்.

இரண்டு கட்டம் வரைந்திருந்தாய். மெதுவாக வரும் சப்ளைக்கு 'அ'. முந்திக்கொண்டு ஓடும் பேச்சுக்கு 'தி'. நம் பேர்களின் முதல் எழுத்து. கீழே ஒரே வரி: "அ-வை விரட்டாதே. தி கொஞ்சம் நிற்கட்டும், அரியாங்குப்பம் பாலம் மாதிரி."

பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, உன் அப்பாவின் மொபெட்டுக்காகக் காத்திருப்பேனே. "வந்துட்டியா, நத்த?" என்பேன். "நீ நின்னல்ல, அதான் வந்து சேந்தேன்" என்பாய். அதைப் போய் சர்க்யூட்டில் வைத்திருக்கிறாயே, என்ன ஆளடா நீ? பேச்சைத் தாமதிக்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நிற்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்காக நின்றதை மட்டும் எழுதிவைத்திருக்கிறாய்.

பேச்சைச் சில மில்லிசெகண்ட் பிடித்து வைத்தேன். சப்ளை முன்னால் ஏறிக் காத்திருந்தது.

"ஆங், இப்பதான் முழு ஊரும் வந்துச்சி. எவன்பா சரி பண்ணது?" என்றார் சேகர் அண்ணன்.

"நான்தாண்ணே."

யோசிக்கவே இல்லை மச்சான். வாய் முந்திவிட்டது. அந்த ஒரு வார்த்தை நாலு நாளாகக் குத்துகிறது.

லேபிளைச் சுரண்டிவிட்டேன். பசை இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒத்திகையில் மேடமும் வந்தவர்களும் அதே கேள்வியைக் கேட்பார்கள். அன்று நான் நிற்பேன். உன் பேர் முதல் எழுத்தோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் என் பேர் கிளம்பும். இது சத்தியம். பொறாமை போய்விட்டது என்று மட்டும் எழுதச் சொல்லாதே.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்,
உன் மச்சான்
தினேஷ்