பச்சைப் பொத்தானுக்கு இரண்டு தடுப்பு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. வலியசாலை முக்கில் ஆட்டோ தெளித்த தண்ணீர், பாதி நனைந்தபடி நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கடைக்கு.

முதலாளி ஷீஜா சேச்சி கடையைத் திறந்திருந்தார். நான் நேராக ஜெராக்ஸ் மெஷின் பக்கம். போன வாரம் செய்ததற்கு இனி அதுதான் என் இடம் என்று நினைத்தேன். அன்று ஒரு விண்ணப்பத்துக்குப் போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அதற்கான இலவசத் தளத்தில் பெரிய பச்சைப் பொத்தான், 'டவுன்லோட்' என்று. அழுத்தினேன். விளம்பரம். ஏதோ இறங்கி, நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு மூலையில் குதித்தது. ஃபார்மேட் பண்ண அரை நாள். வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள்.

"அங்கே எந்தா? உன் சீட்டு இங்கே அல்லே," என்றார் சேச்சி, பாதி மலையாளத்தில்.

இரண்டாம் கம்ப்யூட்டர். நாற்காலி தாழ்வு, தோள் வலிக்கும். ஆனாலும் எனக்கு அது வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை வேறு யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள்? ஜெராக்ஸ் என்றால் நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும், அது வேறு.

"ஞாயிறு விளம்பரத்துக்கு ரெண்டு தடுப்பு போட்டிருக்கேன். பிரவுசரில் ஆட் பிளாக்கர். ரவுட்டரில் டிஎன்எஸ் ஃபில்டர். சனி வரை பார்க்கலாம். பின்னயும் வைரஸ் வந்தா ஜெராக்ஸ்தான், கேட்டோ?"

கேட்டேன். ஆறு நாள்.

ஜூன் 10, செவ்வாய்

விட்டு விட்டு மழை. ஆள் குறைவு. ஹால் டிக்கெட் 3, லேமினேஷன் 2, ஆதார் பிரின்ட் 5.

வீட்டிலும் கடையிலும் சோதித்துப் பார்த்தேன். ஒரே சினிமாச் செய்தித் தளம்.

வீட்டில், போன், சொந்த டேட்டா: செய்தியைவிட விளம்பரம் அதிகம்.
அதே போன், கடை வைஃபை: விளம்பரம் போய்விட்டது, இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். தளத்தின் சொந்த விளம்பரம் ஒன்று மட்டும் அப்படியே. கேம் ஆப்பில்கூட விளம்பரம் இல்லை.
கடைக் கம்ப்யூட்டர்: கட்டமும் இல்லை, அந்த ஒன்றும் இல்லை.

புரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் திறக்க, பிரவுசர் பல பெயர்களுக்கு விலாசம் கேட்கிறது. விலாசம் சொல்வதுதான் டிஎன்எஸ். விளம்பரக்காரன் பெயர் என்றால் ஃபில்டர் 'அப்படி யாரும் இல்லை' என்றுவிடும். விலாசம் இல்லாமல் யார் வீட்டுக்குப் போவது. வைஃபையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் இது பொது. ஆனால் ஃபில்டருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். தளத்தின் சொந்தப் பெயரிலேயே விளம்பரம் வந்தால் விட்டுவிடும், தடுத்தால் தளமே திறக்காது. பிளாக்கருக்குப் பக்கத்தின் உள்ளே பார்க்கத் தெரியும். விளம்பரத்தை எடுக்கும், காலிக் கட்டத்தையும் மூடும். ஆனால் அந்த பிரவுசருக்குள் மட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பொ எம் போனுல வார நகைக்கடைக்காரனையும் நிறுத்துட்டி."

ஜூன் 12, வியாழன்



சேச்சி ஆற்றிங்கலில் ஒரு கல்யாணத்துக்கு. கடையில் நான் மட்டும். மூன்றரைக்கு ஸ்டெல்லா அக்கா வந்தார், ஹாஸ்டலில் சமையல், ஊர் மார்த்தாண்டம் பக்கம். கூட மகள் பெனிட்டா, அவளுடைய நர்சிங் விண்ணப்பம்.

"மக்களே, இன்னைக்கு அஞ்சு மணி வரைதான் உண்டும். நேத்தே வரணும்னு இருந்தேன், லீவு தரல்ல."

தளத்தில் 'புதிய விண்ணப்பம்' அழுத்தினால் அசைவில்லை. மறுபடி, இல்லை. பிளாக்கரை அணைத்தேன். அப்போதும் இல்லை.

"சைட் டவுனா இருக்கும்மா," என்றாள் பெனிட்டா.

"நீ சும்மா இரி. அந்தப் பிள்ள பாக்குதில்லா."

பிளாக்கரை அணைத்தும் ஓடவில்லை என்றால் மற்றதாக இருக்கும். என் போனில் வைஃபையை அணைத்து டேட்டாவில் திறந்தேன், ஓடியது. போனிலேயே செய்யலாம் என்றால் ஸ்கேன் எல்லாம் கம்ப்யூட்டரில்.

ஃபில்டரின் பக்கத்தைத் திறந்தேன். நாங்கள் அழுத்திய நேரத்துக்கு நேரே சிவப்பில் ஒரு பெயர். விளம்பரம் இல்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற ஏதோ. அது வராமல் தளம் காத்து நின்றிருக்கிறது.

ஃபில்டரை முழுசாக அணைக்க ஒரே கிளிக். கை அங்கேதான் போனது. சனிக்கிழமைக் கெடு நினைவு வந்து சேச்சிக்குப் போன் செய்தேன். போனில் பேசுவதே எனக்குப் பிடிக்காது, அதுவும் ஆட்கள் முன்னால். அங்கே நாதஸ்வரச் சத்தம்.

"ஒரு பேரை ஃபில்டர் தடுக்குது சேச்சி. அது ஒண்ணு மட்டும் திறக்கட்டா?"

"ஆட் ஆணோ?" விளம்பரமா என்கிறார்.

"இல்ல."

"உனக்கு உறப்பா தெரியும்னா திற. எனக்கு இங்கே ஒண்ணும் கேக்கல்ல மோளே." கட்.

உறப்பா, நிச்சயமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு பெயரை மட்டும் அனுமதித்தேன். அசையவில்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிரவுசர் பழைய பதிலையே வைத்திருக்கிறதோ என்று மூடித் திறந்தேன். ஓடியது.

பிறகு போட்டோ. 50 கேபிக்குள். அதே தளம், மணி 4:25. திறந்ததும் இரண்டு காலிக் கட்டம், நடுவில் பச்சைப் பொத்தான். அவசரத்தில் பிளாக்கரை அந்த ஒரு தளத்துக்கு அல்ல, பிரவுசர் முழுக்க அணைத்திருக்கிறேன். காலிக் கட்டங்கள் ஃபில்டர் நிறுத்தியவை. பச்சை, தளத்தின் சொந்தப் பெயரில் வருவது.

"டவுன்லோட் அதுதானேக்கா?" பெனிட்டா.

"அது இல்ல," என்றேன். சத்தமாகவே.

பிளாக்கரைப் போட்டு மறுபடி திறந்தேன். பச்சை இல்லை. கீழே பொடி எழுத்தில் ஒரு நீல வரி. அதுதான் நிஜம்.

4:47. சமர்ப்பித்தாயிற்று, பிரின்டும்.

ஸ்டெல்லா அக்கா என் கன்னத்தைத் தொட்டார். விரலில் வெங்காய வாசனை. "உன் பேரு என்ன மக்களே? ஜெபத்துல சொல்லணும்." சொன்னேன்.

எவற்றைத் தடுப்பது என்ற பட்டியல்களை யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து சும்மா செய்து தருகிறார்களாம். அவர்கள் பெயர் தெரிந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

ஜூன் 14, சனி

வெயில். துணி காயும்.

நேற்று சேச்சி வரவில்லை. இன்று எல்லாம் சொன்னேன், பிளாக்கரை முழுக்க அணைத்ததையும்.

"பச்சையை அமுக்கியோ?"

"இல்ல."

"ம்." கல்லாவைத் திறந்து சில்லறை எண்ணத் தொடங்கினார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஜெராக்ஸ் பக்கம் நின்றேன்.

பத்தரைக்கு ஒருவர், கையில் விண்ணப்பம். சேச்சி தலை நிமிராமல், "அது ரெண்டாம் கம்ப்யூட்டர். இந்தக் குட்டியிடம் கொடுங்க."

போய் உட்கார்ந்தேன். நாற்காலி உயரமாக இருந்தது. சேச்சியின் சீட்டில் எப்போதும் கிடக்கும் சிவப்பு மெத்தை என் கீழே.

"போட்டோ பெரிசா இருக்காம்," என்றார் வந்தவர்.

"சுருக்கலாம்," என்றேன்.