புதுக் குடும்பம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் மானம் மட்டும்தான் கொஞ்சம் போயிருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. புரதங்களின் எழுத்து வரிசையைத் தரவுத்தளத்தில் போட்டு, எது எந்தக் குடும்பம் என்று பிரிப்பது. போன வாரம் மண்ணில் வாழும் ஒரு கிருமியின் புரதத்தைப் போட்டேன். எந்தக் குடும்பத்தோடும் ஒட்டவில்லை என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் குடும்பம்! பெயர்கூட நானே வைக்கலாம்!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ஆபீஸ்ல புதுக் குடும்பம் கண்டுபிடிச்சிருக்கா" என்றிருக்கிறார்.

மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் தம்பி மாதிரி சொல்லாமக் கொள்ளாமக் கட்டிக்காம, அப்பா காதுல போட்டியே, அதுவே போதும். பையன் பேரென்ன?"

அது புரதம் என்றேன்.

"பேரு எப்படி இருந்தா என்ன, குணந்தானே முக்கியம்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் மேலதிகாரி கேக் வாங்கிவிட்டார். கத்தியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் எங்கள் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், "மேடம், வரிசையோட பின்பாதி எங்க?" என்றார். வரிசையை நகலெடுக்கும்போது பாதியை விட்டிருக்கிறேன்! முழுசாகப் போட்டதும் பதில் வந்துவிட்டது: பழைய குடும்பம்தான். மற்ற எழுத்தெல்லாம் மாறிப்போய், புரதம் தன் வேலையைச் செய்கிற இடத்துச் சில எழுத்துகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கேக்கை யாரும் வீணாக்கவில்லை. மேலதிகாரிதான் இன்னும் என்னோடு பேசவில்லை.

இதைச் சொன்னால் அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவ்வளவு மாறிப்போயும் நம்ம ஆளுன்னு கண்டுபிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

நேற்று உன் அறையிலிருந்த ஒற்றைக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் படுக்கிற மாதிரி பெரிய கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். எதற்கு என்றால் முதுகுவலியாம். படுப்பதென்னவோ ஹாலில்தான்.

அதை எந்தச் சுவரோரம் போடுவது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. என் தம்பி மனைவியிடம் கேள். கடிதத்தில் எழுதினால் அப்பாவுக்குப் புரியாது. இருவரும் நேரில் வந்தே சொல்லுங்கள்.

இருவரும் நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா