ஏரியில் நனைந்த துண்டு

ஏப்ரல் 11, சனி
கந்தப்பளை முழுக்க மூடுபனி. நாளை எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்காரர் எட்டுப் பேர் நுவரெலியா ஏரியில் மோட்டார் போட் சவாரி. ஏற்பாடு பெரிய கிளாக்கர் (இனி பெ.கி.). புதுத் தொப்பியைக் காட்ட அவருக்குத் தரையில் இடம் போதவில்லை.

கொண்டுபோக: ரொட்டி, சம்பல், கம்பளிக் கோட்டு, என் வாயைக் கட்ட ஒரு துணி (கடைசியது என் பெண்டாட்டி செல்லம் சொன்னது).

வியாழன் பிரஜாவுரிமை விசாரணை. அப்பா பேர் பதிந்த பழைய தோட்டத்துத் துண்டுக் காகிதம் ஒன்றுதான் சாட்சி. அது இருந்தால் நான் இந்த ஊர்க்காரன். இல்லாவிட்டால் கள்ளத்தோணி, இந்தியாவிலிருந்து திருட்டுப் படகேறி வந்தவன். வீட்டில் எலி. அதனால் கோட்டின் உள்பையில்.

"அதை ஏங்க தண்ணிக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"என்னை விட்டுட்டு அது இருக்காது, செல்லம்."

ஏப். 12, ஞாயிறு
வெயில், காற்று. இரண்டு போட், நாலு நாலு பேர். எங்களதில் பெ.கி., டீமேக்கர் அந்தோணி, ஸ்டோர் கீப்பர், நான். பெட்ரோல் வாடை, முகத்தில் சாரல். பெ.கி. முன்னால், கப்பலே தன்னுடையது போல. நாற்பத்தாறு வயதில் எனக்கு முதல் தடவை. பஸ்ஸில் எத்தனை பேர் கள்ளத்தோணி என்று ஏசியிருப்பார்கள். தோணி எப்படி ஆடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்ற போட் பந்தயத்துக்கு வந்தது. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று கையை விரித்தேன்.

"வழி விடுங்கையா, கள்ளத்தோணி வருது!"

ஒரே சிரிப்பு. ஓட்டுகிறவன் மட்டும் "மாத்தயா, வாடிவென்ன!" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லிக் கத்தினான். போட் திரும்பியது. நான் திரும்பவில்லை.

பாசி. பல் கிட்டும் குளிர். அந்தோணி காலரைப் பிடித்துத் தூக்கினார். பெ.கி.: "ஓய், என் தொப்பி நனைஞ்சிடுச்சு!" நானும் சேர்ந்து சிரித்தேன், கை கோட்டுப் பைக்குப் போகும்வரை.

ஏப். 13, திங்கள்
மை கரைந்துவிட்டது. அப்பா பேரில் 'முத்து' மட்டும். மீதி நீலக் கறை. செல்லம் அடுப்பை மூட்டினாள்.

அடுப்பில் காட்டப் போனேன். பார்க்க வந்த அந்தோணி பிடுங்கினார். "கருக்கிடுவீங்க! கொழுந்து மாதிரி மொதல்ல வாடணும்ங்க." ஃபாக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் சாக்குத் துணியில் விரித்தார். பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், காய்ந்தால் எழுத்து திரும்பி வரும் என்பது போல.

ஏப். 14, செவ்வாய்
வருஷப் பிறப்பு. கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன கிளாக்கரய்யா, நீச்சல் எப்படி?" சிரித்து வைத்தேன். சாமியிடம் அப்பா பேரின் மிச்ச எழுத்தை மட்டும் கேட்டேன். துண்டு காய்ந்தது. தேயிலை வாசம். எழுத்து வரவில்லை.

ஏப். 16, வியாழன்
மழை. விசாரணையில் அதிகாரி துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில்: "தோணி, படகு எதுலயாச்சும் போயிருக்கியா?"

"போயிருக்கேங்க."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமைங்க."

என் வாய்! மொழிபெயர்ப்பவர் குலுங்கிச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதினார். நீளமாக.

"ஐயா, ஏரியிலங்க, இந்த நுவரெலியா ஏரி..."

மொழிபெயர்ப்பவர்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

செல்லம் வாசலில். "என்ன கேட்டாங்க?"

"போட் சவாரியைப் பத்தி."

"வெளையாடாதீங்க."

"சத்தியமா, செல்லம்."

நம்பவில்லை. இருபது வருஷமாக நான் விட்ட புளுகு அத்தனைக்கும் தலையாட்டியவள்.