கில்ட் கட்டிய அக்காவுக்கு

அக்கா, ஒரு வாரமாக விடாத மழை. நேற்று கொஞ்சம் வெளுத்தது என்று உன் பீரோவைத் திறந்து வைத்தேன். திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. பூச்சி உருண்டையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். நனைந்த ஆடு ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல. காரைக்கால் கோவில்பத்தில் வேறு எந்த வீட்டிலும் இது வராது. போர்வையே பாரமாக இருக்கிற ஊரில் எட்டு கஜம் கம்பளியை மடித்து வைத்திருந்தவள் நீ ஒருத்திதான்.

பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட அந்தக் கில்ட்டை, ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையை, எடுத்து ஃபேனுக்கு அடியில் நாற்காலிமேல் விரித்தேன். முன்னறைக் கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "பாப்பா, வந்துட்டியா?" நீ போய் நாலு மாதம் ஆகிறது. தினமும் சொல்கிறேன், தினமும் மறந்துவிடுகிறார். நேற்று சொல்ல மனசு வரவில்லை. "கடத்தெருவுக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்றேன். பொய் எனக்குப் புதிதா என்ன? உன்னிடம் சொன்ன பொய்யைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீடெல்லாம் நேஷனாலிட்டி வீடு. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது, நான் உங்கள் நாட்டுக் குடிமகனாகவே இருந்துகொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீஸில் இருக்கிறார்கள். நம் தாத்தா போடவில்லை. குரும்பகரத்து வயலில் அப்போது நடவாம். "நடவு முடியட்டும், போறேன்" என்றாராம். நடவும் முடிந்தது, கெடுவும் முடிந்தது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நேஷனாலிட்டி உண்டுங்களா?" அப்பா தலையை ஆட்டுவார். நீ வந்து டம்ளர்களை எடுத்துப் போவாய். ஆறாவது வீட்டார் எழுந்து போன அன்று டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "தாத்தா அன்னிக்கு எல்லா நாத்தையும் நட்டாரு. என்ன மட்டும் நாத்தங்கால்லயே விட்டுட்டாருடா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அம்மா போனாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பள்ளிக்கூட வேலையை விட்டாய். முன்னறைக் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு எட்டு இருக்கும்; உனக்கு அவ்வளவுதான் உலகம் என்று ஆயிற்று. நான் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாய். பாசத்தில் நிற்கிறாய் என்று நினைத்தேன். தெருவைப் பார்க்க நின்றாய் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

என் கடையில் பாதி வேலை பிரெஞ்சு மனு நிரப்புவதுதான். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதிவைத்த பழைய எத்தா சிவில் ஏடுகளில் ஊரார் தாத்தாக்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவன் நான். அந்தக் கைப்பழக்கத்தில் ஒருநாள் நம் அம்மா வழியையும் துழாவினேன். எவனாவது ஒரு பிரெஞ்சுக்காரன் மாட்டினால் உனக்கு விடிவு வரும் என்ற நல்ல எண்ணம்தான், அன்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நாகப்பட்டினத்து மாதா கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் அகப்பட்டான். அம்மாவுடைய பாட்டிக்குத் தகப்பன்; ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்.

அந்த நகலை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாய். மூன்று தடவை படித்தாய். "அப்ப நமக்கும் ஒரு நேஷனாலிட்டி இருக்குல்ல?" என்றாய். காரைக்காலில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? இந்த ஊரில் விசா கொடுப்பது செத்துப்போன தாத்தாதானே. நான், "பாக்குறேங்க்கா" என்றேன்.

அன்று மத்தியானமே பார்த்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை. தாத்தா பாட்டிவரைக்கும்தான் பிரிட்டிஷ்காரர்கள் விசாவுக்குக் கணக்கில் எடுக்கிறார்கள். அதுவும் அந்தத் தாத்தா பாட்டி அங்கேயே பிறந்திருக்க வேண்டும். நம் ஃபிட்டர் அதற்கும் இரண்டு தலைமுறை மேலே நிற்கிறார். வழியே கிடையாது. வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். வந்தால், அப்பா குளியலறையில் சறுக்கி உட்கார்ந்திருந்தார். நீ அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டிருந்தாய். என் மனைவி அடுப்படியில் தணிந்த குரலில் கேட்டாள்: "அண்ணி நெசமாவே போயிட்டாங்கன்னா மாமாவ யாருங்க பாக்குறது?" அவள் கெட்ட மனசோடு கேட்கவில்லை. நான் முன்னறைக்கு வந்து, "ஆவும்போலத்தாங்க்கா இருக்கு. கொஞ்சம் பேப்பர் தேடணும்" என்றேன்.

நம்பிக்கையோடு காத்திருப்பவள் வேறு எங்கும் போகமாட்டாள். இதை நான் கணக்குப் போட்டுச் செய்தேன், அக்கா. மறைக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் உன் சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அந்த ஃபிட்டரின் குலப்பெயர் உள்ளவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று போனில் தேடித் தேடி எழுதினாய். நியூசிலாந்தில் ஒரு டீச்சரம்மா, கனடாவில் ஒரு கிழவர், அர்ஜென்டினாவில் ஆடு வளர்க்கும் அண்ணன் தம்பிகள். ஜமைக்காவிலிருந்து ஒரு குடும்பமே கில்ட் கட்டிக்கொண்டு படம் அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாய். "பாருடா, நம்மள விடக் கறுப்பா இருக்காங்க! கட்டிக்கிட்டு எப்புடி நிக்கிறாங்க பாரு!" உன் பழைய பள்ளிக்கூட உலகப்படத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டினாய். மனுக்களில் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்ட நான் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர்களைத் திருடிக்கொண்டு போய் ஊர் ஊராக ஒட்டினாய். புளி டப்பாவுக்கு மேலே நியூசிலாந்து இருந்தது.

கில்ட்டை அனுப்பியது டீச்சரம்மா. அவள் தங்கச்சி கட்டியதாம். பிரித்ததும் அப்பாவே வாய்விட்டுச் சிரித்தார். கோணிய வாயால், "என்னடி இது, கைலியக் கம்பளியில தச்சிருக்கானுவொ?" என்றார். இடுப்பு உனக்குப் பத்தவில்லை. கோட்டுச்சேரி டெய்லர் பாய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த மடிப்பெல்லாம் பிரிச்சா வீட்டுக்கே திரை தைக்கலாமேம்மா" என்றார். "மடிப்புல கை வச்சீங்க, தெரியும் சேதி" என்றாய். கொக்கியை மட்டும் நகர்த்திக் கொடுத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி. பூசைக்குப் போகும் முன் அடுப்படியில் போனைச் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோவில் அவர்களோடு கூடுவாய். முகம் மட்டும்தானே தெரியும் என்பதால், ஆரம்பிக்கும்போது எல்லாரும் எழுந்து இரண்டடி பின்னால் போய்க் கில்ட்டைக் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நீ பின்னால் போனால் கிரைண்டரில் இடிப்பாய். மேலே ரவிக்கையும் தாவணி மாதிரி ஒரு துண்டும், கீழே கம்பளி, கழுத்தெல்லாம் வேர்வை. அந்த ஒரு மணி நேரம் உன் முகம் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்து முகமாக இருக்கும். உன்னைச் சொந்தக்காரி என்று கூப்பிட்டவர்கள், நேஷனாலிட்டி உண்டா என்று கேட்காதவர்கள், அவர்கள் மட்டும்தான்.

குலத்தில் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு சான்றிதழ் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. "இதையும் பைல்ல வையி" என்று கொடுத்தாய். வைத்தேன். மாதத்துக்கொன்றாக எதையாவது கண்டுபிடித்தேன். பாட்டி பெயரில் எழுத்துப் பிழை, ஒரு பிரமாணப் பத்திரம், ஒரு மொழிபெயர்ப்பு. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறுவேன். "இன்னும் ஒரே ஒரு பேப்பர்தாங்க்கா." நீ சாப்பாடு கட்டிக் கொடுப்பாய். ஒருநாள் சொன்னாய்: "மெதுவா தேடுடா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ஜரீனா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் மனசாட்சி தூங்கியிருக்கும். உன்னோடு படித்தவள், மஸ்கட்டில் பள்ளிக்கூட விடுதி ஒன்றில் இருக்கிறாள். பெருநாளுக்கு ஊருக்கு வந்தவள், அங்கே வார்டன் வேலை காலி என்று நம் வீட்டு வாசலில் நின்று உன்னைக் கெஞ்சினாள். "வாடி. விசாவெல்லாம் அவங்களே எடுக்குறாங்க. ரெண்டே வருசம். ஒன் தம்பி என்ன சின்னப் புள்ளையா? ஒங்க அத்தாவ அவன் பாத்துக்க மாட்டானா?" நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிஜமான விசா. கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை, 'ஸ்காட்லாந்து நடக்காதுக்கா, நீ கெளம்பு' என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. நீ முந்திக்கொண்டாய்: "இல்ல ஜரீனா. தம்பி பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கான். அது ஒரு முடிவு தெரியட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு காலை, அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாய். ஆட்டோ வந்தபோது நீ இல்லை. அந்தப் பன்னிரண்டு எட்டுக்குள்ளேயே முடிந்துபோயிற்று.

இப்போது அந்த எட்டுகள் என்னுடையவை. கடையை ஒரு பையனிடம் விட்டுவிட்டுப் பாதி நாள் வீட்டில் கிடக்கிறேன். அப்பாவைப் புரட்டிப் போடுகிறேன், கழுவுகிறேன். வாசலில் போய் நின்று தெருவைப் பார்க்கிறேன்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. கில்ட்டைத் திருப்பி அனுப்ப முகவரி கேட்கலாம் என்று உன் போனுக்குச் சார்ஜ் போட்டு, ஆறரைக்கு அதே சம்படத்தில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். நாலு மாதமாக அவர்கள் அனுப்பிய விசாரிப்புகள் ஒன்றுக்கும் நான் பதில் போட்டிருக்கவில்லை. பன்னிரண்டு முகம் வந்தது. என் ஓட்டை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். கனடாக் கிழவர் எழுந்தார், பின்னால் போய் நின்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழுந்து பின்னால் போய் நின்றார்கள். நான் கில்ட்டைத் தூக்கிக் காட்டினேன்.

அவர்கள் உட்கார்ந்த பிறகு, அவளை ஸ்காட்லாந்துக்கு அனுப்ப முடியவில்லை, பேப்பர் வேலை முடியவில்லை, என்று பொய்யையே தொடர்ந்தேன். கிழவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அவளுக்குத்தான் தெரியுமே, என்றார். சேர்ந்த முதல் மாதமே நீ கேட்டாயாம். நாலு தலைமுறைக்கு முந்தியவரை வைத்து எந்த நாடும் விசா தராது என்று அவரே விளக்கினாராம். நீ சிரித்துவிட்டு அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டாயாம்: என் தம்பி இருக்கும்போது இதைப் பேசிவிடாதீர்கள், கடையை அடைத்துவிட்டு எனக்காக அலைகிறான், அவன் முகத்தில் அந்த ஆசையைப் பார்க்கும்போது, இது ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டாள். அந்த மஸ்கட் வேலையைக்கூட அதனால்தானே வேண்டாமென்றாள்? 'எனக்காக இவ்வளவு பாடுபடுகிறவன் தலையில் அப்பாவையும் போட்டுவிட்டுப் போவேனா' என்று எனக்கு எழுதினாளே, என்றாள். கடைசியில், அவளுக்கு நல்ல தம்பி வாய்த்திருந்தான் என்று யாரோ சொன்னார்கள். பன்னிரண்டு தலையும் ஆமோதித்தன.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அக்கா. "தேங்க் யூ" என்றுதான் வந்தது.

கில்ட்டை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம். வைத்துக்கொள்கிறேன். அது பெரிய சுமை இல்லை. நீ மனசுக்குள் ஒரு தம்பியை வைத்துக்கொண்டு, அவனுக்காக இந்த ஊரைத் தாண்டாமல் இருந்து செத்துப் போனாய். அந்தத் தம்பி ஒருநாள்கூட இருந்ததில்லை. இதை உன்னிடம் சொல்லித் தீர்க்க இனி வழியில்லை. ஆகவே அப்பா இருக்கும்வரை, அதற்குப் பிறகும், நான் அவனாகவே இருந்து தீரவேண்டும். இதை விட்டு வெளியே போக எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் எனக்கு ஒரு பேப்பரும் கிடைக்காது.